அவள் கைபட்ட சக்கரம்

என் தொழில் காற்றை வெளியே நிறுத்துவது. படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். முன்னால் கண்ணாடி, அதன் பின்னால் படம், அதன் பின்னால் அட்டை, கடைசியில் நாலு ஓரமும் பழுப்பு நாடா. நாடா ஒரு நூல் அளவு விட்டுக்கொடுத்தாலும் போதும், ஈரம் நுழைந்துவிடும். அடுத்த மழைக்காலத்துக்குள் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கன்னத்தில் பூஞ்சை பூத்துவிடும். என் கடையில் அந்த மாதிரி நடந்ததில்லை.

என் மனைவியின் தொழில் இதற்கு நேர் எதிர். ஊர் எல்லையில் உள்ள சீஸ் பண்ணையில், சீஸ் பழுக்கும் அறையில் வேலை பார்த்தாள். காற்றையும் ஈரத்தையும் அளவாக உள்ளே விட்டு, பூஞ்சையைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற வேலை. "நீங்க செத்ததைக் காப்பாத்துறீங்க, நான் உசிரோட இருக்கிறதைக் காப்பாத்துறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் ஏதோ சண்டை. என் அக்கா நடுவில் புகுந்து, "பழகப் பழகப் பாலும் புளிக்கும், அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விட்டாள். இவள் சட்டென்று, "புளிக்கட்டும் அண்ணி. புளிச்சாத்தானே கெட்டியாகும்?" என்றாள். அன்றிலிருந்து இவள் மேல் அக்காவுக்குக் கொஞ்சம் பயம்.

ஒருமுறை அந்த அறைக்கு என்னைக் கூட்டிப்போனாள். தரையிலிருந்து கூரைவரை மரப் பலகைகள். பலகை முழுக்க வட்ட வட்டமாகச் சீஸ்கள். பண்ணையில் அவற்றைச் சக்கரம் என்பார்கள். சாம்பல் நிறத்தில், பழுப்பில், வெளிர் மஞ்சளில், ஒன்றைப் போல ஒன்று இல்லை. மழை நனைத்த சுவரின் வாசனை, காளான் வாசனை, அடியில் மெல்லிய பால் வாசனை. எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் காலி அறையின் அமைதி அல்ல அது. நிறையப் பேர் தூங்குகிற அறையின் அமைதி. யாரும் சொல்லாமலேயே என் குரல் தாழ்ந்துவிட்டது. அவளோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் சின்னச் சுத்தியலால் ஒரு சக்கரத்தைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். "என்ன சொல்லுது?" என்று ரகசியம் மாதிரிக் கேட்டேன். "இன்னும் எழுப்பாதேன்னு சொல்லுது மாமா" என்றார். என் மனைவியை அவர் அக்கா என்று கூப்பிட்டதால் நான் மாமாவானேன்.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். கடையிலிருந்து நான் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சீஸ் வாங்கிவந்தால், நனைந்த பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற அவசரத்தில் அதை உரிப்பாள். துடைப்பாள். மெழுகுத்தாளில் தளர்வாக மடித்து, மூடியைச் சற்றே திறந்த டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பாள். கதவுத் தட்டில் வைக்க விடமாட்டாள். "கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடும் குளிருமா அடிச்சா, உங்களுக்குத்தான் சளி பிடிக்காதா?" வெங்காயம் வெட்டிய கத்தி சீஸ் பக்கம் வரக் கூடாது. வாசனைச் சோப்பு போட்ட கையும் வரக் கூடாது. கெட்டிச் சீஸில் பூஞ்சை வந்தால் அந்த இடத்தை விரல்கடை ஆழத்துக்கு வெட்டியெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவாள். மெத்தென்ற சீஸில் வந்தால் யோசிக்காமல் குப்பை. சாப்பிடுவதற்கு ரொம்ப முன்னாலேயே எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். "தூங்கி எழுந்ததும் யாராவது பாடச் சொன்னா பாடுவீங்களா? கொஞ்சம் எழுந்து உட்காரட்டும்." எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது அவள் முழங்கையருகே நின்று தாளை எடுத்து நீட்டுவான். கூலியாக ஒரு விள்ளல்.

கடைசியாக அவள் வீட்டில் செய்த சக்கரம் ஒன்று. பண்ணையில் போதாது என்று வீட்டிலும் வருஷத்துக்கு ஒன்று செய்வாள். பெரிய அண்டாவில் பால் திரிந்தது. துணி விரித்த அச்சில் தயிர்க்கட்டிகளை அள்ளிப் போட்டு, மேலே என் கடையிலிருந்து கடத்திவந்த இரும்புக் கட்டியைப் பாரமாக வைத்தாள். கண்ணாடியைச் சமனாக உட்கார வைக்க நான் வைத்திருந்தது அது. நான் அதைத் தேடித் தேடி அலுத்துப்போனேன்.

மறுநாள் அச்சிலிருந்து எடுக்கிற நேரத்தில் மகன் போன் செய்தான். அவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கப்பல் கரையை ஒட்டி வரும்போதுதான் சிக்னல் கிடைக்கும். கிடைக்கிறபோது பேசினால்தான் உண்டு. இவள் பதறி, ஒரு கையில் போனும் மறுகையில் சக்கரமுமாகத் தூக்க, இன்னும் இளசாக இருந்த அதன் விளிம்பில் நான்கு விரல்களும் புதைந்துவிட்டன.

"டேய், உன்னால என் சக்கரம் அழகு கெட்டுப்போச்சு!"

"நான் கடல்ல இருக்கேன்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நீதான் வந்து இந்தப் பக்கத்தைச் சாப்பிடணும். முதல் துண்டு உனக்கு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது, உங்கப்பா உட்பட."

"இதுலயும் உப்பு அள்ளிப் போட்டுட்டியா?"

"கடல்ல இருக்கிறவன் உப்பைப் பத்திப் பேசுறான் பாரு!"

அவள் கைக்கு உப்பு எப்போதும் கொஞ்சம் கூட. நானும் அவனும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டோம்.

பண்ணையில் கழித்துவிட்ட பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றைப் பின்கட்டில் வைத்திருந்தாள். குளிரை மிகக் குறைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, பலகைத் துண்டின் மேல் அந்தச் சக்கரத்தை உட்கார வைத்தாள். நாள் தவறாமல் திருப்பிப் போடுவாள். உப்புநீரில் நனைத்த துணியால் தேய்ப்பாள். தேய்க்கும்போது ஏதோ முணுமுணுப்பாள். என்ன என்று நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள்.

மகனுக்குச் செய்தி போனபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை தொட நாளாகும். தொட்டாலும் அவன் இடத்துக்கு ஆள் வராமல் விடமாட்டார்கள், அதற்கு மாதக்கணக்காகும். எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் குரலே எனக்குக் கேட்டது. அழவில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கேட்டான்.

"அப்பா, அந்தச் சீஸ் இருக்கா?"

"இருக்குடா."

"நான் வர்ற வரைக்கும் விட்டுடாதீங்கப்பா. எனக்கு அம்மா கையால சாப்பிட வேற எதுவும் இல்லை."

"விடமாட்டேன்" என்றேன்.

போனை வைத்ததும் பின்கட்டுக்குப் போய் அந்த ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவள் போனதிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை. சக்கரத்தின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை, எலித்தோல் மாதிரி. ஆயுள் முழுக்க நான் எதிரியாகப் பார்த்த பூஞ்சை. என் மகனுடைய முதல் துண்டை அது தின்றுகொண்டிருக்கிறது என்று பதறிவிட்டேன். காய்ந்த துணியால் ஒரு பொட்டு விடாமல் துடைத்தெடுத்தேன். கடைக்குப் போய் நல்ல பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்து, இரண்டு சுற்று சுற்றி, மடிப்புகளை நகத்தால் நீவி, ஓரமெல்லாம் நாடா ஒட்டினேன். வாழ்நாளில் எதையும் அவ்வளவு நேர்த்தியாக நான் மூடியதில்லை. இனி ஒன்றும் உள்ளே போகாது என்ற நிம்மதியோடு கதவைச் சாத்தினேன். தினமும் திறந்து பார்த்துக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை வேறு.

அக்கா வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ஒருநாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். "பின்கட்டுல என்னடா, கக்கூஸ் கழுவுற மருந்து கொட்டிக் கிடக்கா?"

நாடாவைப் பிரித்தேன். தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சக்கரம் வியர்த்து, வழவழத்து, வெளிறிப்போய் இருந்தது. கண்ணைக் கரிக்கும் நெடி. விரல் பதிந்த குழிகளில் பிசுபிசுப்பு தேங்கி நின்றது.

"இது போயிடுச்சுடா" என்றாள் அக்கா, வழக்கத்தைவிட மெதுவாக. "குடு, நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன். அவன் வந்தா நான் சொல்லிக்கிறேன்."

நான் கொடுக்கவில்லை. அவளும் பிடுங்கவில்லை. இரண்டு பேரும் சக்கரத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றோம். கடைசியில் தராசுக்குப் போன் செய்தேன்.

அவர் வேலைச் சீருடையோடே வந்தார். கழற்றிப்போட்ட தாளையும் நாடாவையும் முதலில் பார்த்தார். "பொட்டலம் கட்டுறதுல மாமாவை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்தார். முகர்ந்தார். சுத்தியல் கொண்டுவரவில்லை, விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நானும் அக்காவும் டாக்டர் முன்னால் நிற்பவர்கள் மாதிரி நின்றோம்.

"இது சாகல. மூச்சு முட்டிக் கிடக்கு."

அக்கா, "சீஸுக்கு ஏதுப்பா மூச்சு?" என்றாள்.

"இருக்கு பெரியக்கா. உள்ள கோடிக்கணக்குல உசிரு குடித்தனம் பண்ணுது. தின்னுது, மூச்சு விடுது, வேர்க்குது. மூடிவெச்சா தன் மூச்சே தனக்கு விஷம். நம்மளப் போலத்தான்." விரல் குழிகள் இருந்த பக்கம் திரும்பவும் தட்டினார். முகம் கொஞ்சம் மாறியது. "இந்தப் பக்கம் மட்டும் சத்தம் மந்தமா இருக்கு. உள்ள விரிசல் இருக்கலாம். ஒரு சின்னத் துளை போட்டு எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"வேண்டாம்" என்றேன். "முதல் துண்டு அவனுக்குன்னு சொல்லியிருக்கா."

"உள்ள கெட்டிருந்தா, மாமா? அவ்வளவு தூரத்துல இருந்து வந்து..."

"அவன்தான் வெட்டணும்."

தராசு சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "சரி. அப்ப மேல்தோலைக் காப்பாத்துவோம். உள்ள இருக்கிறதை அது பார்த்துக்கும்."

உப்புநீர் காய்ச்சி ஆற வைத்தோம். அவள் தேய்த்த துணி அந்த ஃபிரிட்ஜிலேயே ஒரு கிண்ணத்தில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. அக்கா அதை எடுத்துச் சோப்பு போடப் போனாள். தராசு கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "அய்யோ, அதுலதான் எல்லாம் இருக்கு!"

"என்ன இருக்கு, அழுக்கா?"

அவர் துணியை வாங்கி உப்புநீரில் போட்டார். "பழுக்கிற அறையில நாங்க ஆறு பேர் தேய்க்கிறோம். ஒரே பால், ஒரே உப்பு, ஒரே பலகை. ஆனா தோலைப் பார்த்தே யார் தேய்ச்சதுன்னு சொல்லிடலாம். ஒவ்வொருத்தர் கையிலயும் கண்ணுக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு இருக்கு. தேய்க்கத் தேய்க்கத் தோல்ல ஏறி, அங்கேயே பெத்துப் பெருகுது. அக்கா தேய்ச்சா மட்டும் ஆரஞ்சும் ரோஸும் கலந்த மாதிரி ஒரு நிறம் வரும், ஆப்ரிகாட் பழ நிறம்னு பண்ணையில சொல்லுவோம். எங்க யாருக்கும் அது வர்றதில்லை."

"நான் எல்லாத்தையும் துடைச்சுட்டேனே."

"துடைச்சா போயிடுமா? துணியில இருக்கு, பலகையில இருக்கு, அந்தக் குழிக்குள்ள இருக்கு. வருதான்னு பார்ப்போம்."

"அவ போன பிறகுமா?"

"அக்கா போனது அதுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றார்.

அதற்கப்புறம் தினமும் நான்தான் தேய்த்தேன். வாசனைச் சோப்பை நிறுத்தினேன். கடையில் பசை தொட்ட கையை மூன்று தடவை கழுவிவிட்டு வருவேன். அக்கா வாசலில் நின்று, "உன் கை நிறம் ஏறினா பசை நாத்தம்தான் வரும்" என்பாள். சக்கரத்தைத் திருப்பும்போது என் விரல்கள் தானாக அந்தக் குழிகளைத் தேடின. என் விரல்கள் தடித்தவை, பாதிதான் இறங்கும். துணியை நனைத்து, வட்ட வட்டமாகத் தேய்க்கும்போது ஒருநாள் நான் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். இந்தப் பக்கத்துக்கு இத்தனை சுற்று, அந்தப் பக்கத்துக்கு இத்தனை சுற்று. அவள் முணுமுணுத்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முதலில் நெடி அடங்கியது. பிறகு தோல் காய்ந்து இறுகியது. ஒரு காலை, பிறந்த குழந்தையின் தலைமுடி போல வெள்ளையாகப் பூத்திருந்தது, ஊதினால் சாய்ந்தது. பிறகு பழைய சாம்பல் நிறம். ஆயுள் முழுக்கப் பூஞ்சையைத் துரத்திய நான், காலையில் எழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் பூஞ்சையைப் பார்க்க ஓடினேன். அந்த ஆப்ரிகாட் நிறம் மட்டும் வரவில்லை. தராசு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

மகன் ஊர் வரும் தேதி தெரிந்த வாரம், திருப்பிப் போடும்போது பார்த்தேன். விரல் குழிகளில் கடைசிக் குழி, சுண்டுவிரல் குழி. அதன் ஆழத்தில் சீரக அளவில் ஒரு புள்ளி. ஆரஞ்சும் ரோஸும். நான் ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு வந்து குனிந்தாள். எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. "வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பக்கத்துக் குழியில். பிறகு நாலிலும். பிறகு குழிகளிலிருந்து வழிந்து சக்கரத்தின் விளிம்பெங்கும் விடியற்கால வானம் போலப் பரவியது. என் கைகள்தான் தேய்த்தன. நிறம் அவளுடையது.

மகன் வந்தான். தலையை ஒட்ட வெட்டி, கறுத்து, எஞ்சின் எண்ணெய் வாசனையோடு. பையைக்கூட இறக்காமல் பின்கட்டுக்குப் போனான். அவன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. நான் போனபோது தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் விரல்கள் குழிகளில் இருந்தன. அவனுக்கு அம்மாவின் ஒல்லி விரல்கள். அச்சில் வார்த்த மாதிரி இறங்கியிருந்தன.

சக்கரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம், எழுந்து உட்காரட்டும் என்று. நாங்களும் உட்கார்ந்தோம். தராசு பண்ணையிலிருந்து இரட்டைப்பிடிக் கத்தியோடு வந்து சேர்ந்தார். நேரம் ஆனது. மகன் கத்தியைத் தொடவில்லை.

"அப்பா, வெட்ட வேண்டாமே" என்றான். "அம்மா விரல் இருக்கு. இப்படியே வெச்சுக்கலாம். கண்ணாடிப் பெட்டி போட்டு, காத்துப் போகாம... உங்களால முடியும்ல?"

முடியும். எனக்கு அந்தப் பெட்டியே கண்ணில் தெரிந்தது. தேக்குச் சட்டம், உள்ளே வெள்ளை அட்டை, ஓரத்தில் பழுப்பு நாடா. ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தவன் நான்.

"மூடி வெச்சா செத்துடும்டா. சாப்பிடத்தான் அவ வெச்சா" என்றேன். "விரல் உன் கையிலயே இருக்கு, பாரு."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து கத்தியின் இரண்டு பிடியையும் பற்றினான். தராசு மந்தமாகச் சத்தம் கேட்ட இடத்தை விரலால் காட்டிவிட்டு விலகி நின்றார். கத்தி மெல்ல இறங்கியது. கடைசியில் மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம், சக்கரம் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே பழைய தந்தத்தின் நிறம். வெட்டுமுகம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் படிகங்கள் விளக்கொளியில் மினுங்கின. குழிகள் இருந்த இடத்திலிருந்து தலைமுடி போல ஒரு விரிசல் உள்ளே ஓடியது. விரிசல் நெடுகிலும் நீலப் பூஞ்சை. ஆற்றின் வரைபடம் போலக் கிளை பிரிந்து, உள்ளே போகப் போக மெலிந்து மறைந்தது. அவள் விரல் திறந்த வழியில் நீலம் நுழைந்திருக்கிறது. சமையலறைச் சீஸ் வாசனை அல்ல, பண்ணையில் சீஸ் பழுக்கும் அந்த அறையின் வாசனை வீடு முழுக்க எழுந்தது. நனைந்த சுவர், காளான், அடியில் பால்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

தராசு முகர்ந்தார். கண்ணை மூடித் திறந்தார். "தானா நீலம் ஓடின சக்கரத்தை என் சர்வீஸ்ல ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன் மாமா. இந்தத் துண்டுக்குப் பண்ணையில அடிதடி நடக்கும்."

மகன் குழிப் பக்கத்திலிருந்து ஒரு விள்ளல் வெட்டினான். வாயில் போட்டான். மெல்லவில்லை, நாக்கில் வைத்திருந்தான். அவன் முகத்தைத்தான் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை ஏறி இறங்கியது.

"உப்பு கூட" என்றான்.

சொல்லிவிட்டு, கப்பலில் அழாததையெல்லாம் அழுதான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு துண்டு எடுத்தாள், பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது நான் பார்த்துவிட்டேன். "நாத்தம் பழகிடுச்சுடா" என்றாள். எனக்கும் ஒரு விள்ளல் கிடைத்தது. முதலில் உப்பு, பிறகு கொட்டையின் ருசி, பிறகு நீலத்தின் சுரீர். எல்லாம் அடங்கிய பின், ரொம்ப நேரம் கழித்து, பால்.

மீதியை எடுத்து வைக்க வேண்டும். நான் எழுவதற்குள் மகன் மெழுகுத்தாளை எடுத்து விரித்திருந்தான். துண்டை மூலையில் வைத்தான். ஒரு மடிப்பு, பக்கங்களை உள்ளே தள்ளி இன்னொரு மடிப்பு, நுனியைச் செருகல். இறுக்கவில்லை. செருகிய நுனியை நடுவிரலால் லேசாக ஒரு தட்டு தட்டினான்.

அந்தத் தட்டலை நான் மறந்தேபோயிருந்தேன். அவள் ஒவ்வொரு பொட்டலத்தையும் அப்படித்தான் தட்டுவாள். அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. தட்டினோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. டப்பாவில் வைத்து, மூடியைச் சற்றே திறந்துவிட்டு, அடித்தட்டில் வைத்தான்.